சின்ன பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும்போது எதில் பிடிக்கிறீர்கள்?

புதுத்தூரிகை

வணக்கம் நண்பர்களே. 1/35 அளவில் டைகர் (இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டாங்க்) பிளாஸ்டிக் மாடல் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். உடலும் டரட்டும் (பீரங்கி உள்ள மேல்கூண்டு) பெரிய துண்டுகள், கையுறை போட்டுக் கையிலேயே பிடித்து அடித்துவிடலாம். என்னைப் படுத்துவதெல்லாம் மீதிதான். மண்வெட்டி, கோடாரி, ஹெட்லைட், மூடிகள், இழுவைக் கொக்கிகள், அப்புறம் அந்தச் சக்கரக் கூட்டம்.

இப்போதைக்குத் துணி கிளிப்பில் கவ்வி வைத்து ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி) அடிக்கிறேன். கிளிப்பின் வாய் மறைக்கிற இடத்தில் பெயின்ட் ஏறுவதில்லை. வாயின் ஓரத்தில் பெயின்ட் தேங்கிக் காய்ந்து, கழற்றும்போது தோல் மாதிரி உரிந்து வருகிறது. சில பாகங்கள் காற்று பட்டதும் பறந்தே போய்விடுகின்றன. இடுக்கியில் பிடித்தால் கை சோர்ந்த நொடியில் நழுவுகிறது.

கடையில் குச்சி வைத்த கிளிப் செட் விற்கிறார்கள், பெயின்டிங் ஹேண்டில் என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. இவற்றை வாங்குவது பயனா, வீட்டிலேயே செய்துகொள்ளலாமா? நீங்கள் எதில் பிடிக்கிறீர்கள்?

முதலைகிளிப்

செய்துகொள்ளலாம், ஒரு மாலை நேர வேலைதான். எலக்ட்ரானிக்ஸ் கடையில் முதலை கிளிப் மொத்தமாகக் கிடைக்கும். ஒயர் நுழைக்கும் பின்பக்க ஓட்டையில் 3 மி.மீ. மூங்கில் குச்சியைச் செருகி, அந்தத் தகட்டுக் காதுகளைக் குறட்டால் நெருக்கி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் முடிந்தது. மிஸ்டர் ஹாபி முத்திரையில் ஜிஎஸ்ஐ க்ரியோஸ் விற்பதும் இதே வடிவம்தான். அவர்களுடையதில் வாய் சற்று நேர்த்தியாக இருக்கும், பல் கூர்மை குறைவு.

பல்லைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒயர் கவ்வச் செய்த கிளிப்பின் ஸ்பிரிங், பாலிஸ்டைரீனுக்கு (மாடல் பாகங்களின் பிளாஸ்டிக்) ரொம்பவே முரடு. மெல்லிய பாகத்தில் பல் தடம் பதியும். இரவு முழுக்க அப்படியே விட்டால் பாகம் லேசாக வளைந்தும் போகும். அதனால் வாயின் இரண்டு தாடைக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் உறை) போட்டுச் சுருக்கி விடுங்கள். அது இல்லையென்றால் மாஸ்கிங் டேப்பை (பெயின்ட் படாமல் மறைக்க ஒட்டும் டேப்) இரண்டு சுற்று சுற்றினாலும் போதும்.

குச்சியைச் செருகி நிறுத்த நெளி அட்டை. பழைய அட்டைப்பெட்டியைப் பட்டை பட்டையாக வெட்டி, நெளிவுத் துளைகள் மேலே தெரியும்படி அடுக்கி, சுற்றிலும் டேப் போட்டுக் கட்டிவிட்டால் நூற்றுக்கணக்கான துளைகள் உள்ள தட்டு தயார். பூனை நகம் கீறுவதற்கு விற்கிற அட்டைப் பலகையும் இதேதான், அதை வாங்கிப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

தெர்மாகோல் மட்டும் வேண்டாம். லாக்கர் பெயின்டோ ஸ்ப்ரே கேனோ பட்டால் கரைந்து குழியாகிவிடும். குச்சி சாய்ந்து பக்கத்துக் குச்சியில் ஒட்டிக்கொள்ளும்.

பசைமுகம்

முதலைகிளிப் சொன்னதெல்லாம் சரி. ஆனால் புதுத்தூரிகையின் பிரச்சினைக்குக் கிளிப்பை மாற்றுவது அரைத் தீர்வுதான். எதில் பிடிப்பது என்பதற்கு முன்னால் எங்கே பிடிப்பது என்று பார்க்க வேண்டும்.

எந்தப் பாகத்தை எடுத்தாலும் அதில் ஓர் இடம் வேறு எதிலோ ஒட்டப்போகிறது. ஹெட்லைட்டுக்கு அடியில் ஒரு முளை, மூடிக்குக் கீல் பக்கம், மண்வெட்டிக்கு முதுகு. அந்த இடத்தில் பெயின்ட் தேவையில்லை. தேவையில்லை என்பதோடு விஷயம் முடியவில்லை, பெயின்ட் இருக்கவே கூடாது. பிளாஸ்டிக் சிமென்ட் இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து இணைக்கிற பொருள். நடுவில் பெயின்ட் படலம் இருந்தால் அது படலத்தைத்தான் கரைக்கும். ஒட்டினதுபோல் தெரியும், கொஞ்ச நாளில் பெயின்டோடு கழன்று வரும்.

ஆகவே பிடிக்கும் இடமும் ஒட்டும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். கிளிப்போ குச்சியோ அந்த இடத்தை மறைத்துக்கொண்டு மாஸ்கிங் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். கிளிப் ஓரத்தில் உரிகிறது என்றீர்களே, அதற்கும் பதில் இதில் இருக்கிறது. அந்த ஓரம் ஒட்டிய பிறகு மூட்டுக்குள் போய்விடும், உரிந்தாலும் கண்ணில் படாது.

கிட்டை (மாடல் பாகங்கள் வரும் பெட்டி) பிரித்ததும் பெயின்ட் பாட்டிலைத் திறக்காமல் வழிகாட்டித் தாளை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். ஒவ்வொரு பாகமும் எந்தப் பக்கமாகப் போய் உட்காருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டால், முளை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, தட்டையான முதுகா என்பது அங்கேயே தெரிந்துவிடும். முளைக்குக் கிளிப், ஓட்டைக்குக் குச்சி, தட்டைக்கு டேப் அல்லது ப்ளூ டாக் (களிமண்போல் பிசைந்து ஒட்டி, பிறகு எடுத்துவிடும் பசை).

சக்கரபாணி35

டைகர் என்றதும் ஓடி வந்தேன். முதலில் ஒன்று கேட்கிறேன், ஆரம்பகால டைகரா, கடைசிக்கால டைகரா? ரப்பர் விளிம்புச் சக்கரம் உள்ளது என்றால் ஒரு பக்கத்துக்கு 8 அச்சு, அச்சுக்கு 3 சக்கரம், இரண்டு பக்கமும் சேர்த்து 48. 1944இல் வந்த இரும்புச் சக்கர வகையில் அச்சுக்கு இரண்டுதான், மொத்தம் 32. ஒன்றுக்குள் ஒன்று பின்னியபடி உட்காரும். மாட்டிய பிறகு உள் வரிசைக்குத் தூரிகை போகவே போகாது. தனித்தனியாகத்தான் அடித்தாக வேண்டும்.

சக்கரத்துக்கு என் ஓட்டு பல்குத்தும் குச்சிக்கு. நடுவில் அச்சு ஓட்டை இருக்கிறது, குச்சியின் முனை கூம்பு. மெதுவாகத் திருகி உள்ளே தள்ளினால் தானாக இறுகிக்கொள்ளும். பசை, டேப் எதுவும் வேண்டாம். ஓட்டை பெரிதாக இருந்தால் 3 மி.மீ. மூங்கில் குச்சியைப் பென்சில் சீவுவதுபோல் சீவிச் செருகுங்கள். பின்பக்கமாகச் செருகுவது நல்லது. முன்பக்கத்தில் பெரும்பாலும் மூடி வந்து உட்காரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. ரப்பர் விளிம்பு அடிக்கும்போது தூரிகையைச் சுற்றாதீர்கள், சக்கரத்தைச் சுற்றுங்கள். டைகரின் சக்கரம் நிஜத்தில் 80 செ.மீ. விட்டம், 1/35இல் சுமார் 23 மி.மீ. அந்த வட்டத்தைக் கையால் வரைய யாருக்கும் வராது. தூரிகை பிடித்த கையை மேசையில் ஊன்றி அசையாமல் வைத்துவிட்டு, மற்றக் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குச்சியை உருட்டினால் கோடு தானாக விழும். பெயின்ட் கொஞ்சம் நீர்த்திருக்க வேண்டும். ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் அது தானாக ஓடிப் போய் நிற்கும்.

கையால் உருட்டுவது சீராக வரவில்லையென்றால் பின் வைஸின் (மெல்லிய டிரில்லைப் பிடிக்கும் கைக்கருவி) வாயில் குச்சியைப் பிடித்து உருட்டுங்கள். தடித்த உடம்பு, சுழலும் தலை, பிடித்துக்கொள்ள வசதி.

அளவு72

நான் விமானம், கப்பல் பக்கம். எனக்கு டாங்க்காரர்களின் கிளிப் ஒத்துவராது. 1/700 கப்பலின் விமான எதிர்ப்புத் துப்பாக்கியைக் கவ்வக்கூடிய கிளிப் இன்னும் வரவில்லை. கிளிப்பின் வாய்க்குள்ளேயே மொத்தத் துப்பாக்கியும் காணாமல் போய்விடும்.

இப்படிப்பட்டவற்றுக்கு ஐஸ்கிரீம் குச்சி அகலத்தில் ஒரு மரப்பட்டை, அதன் மேல் மாஸ்கிங் டேப்பைப் பசைப்பக்கம் மேலே வரும்படி விரித்து, இரண்டு முனையையும் இன்னொரு டேப்பால் கட்டிவிடுவேன். அதில் வரிசையாக நட்டுவிட்டு ஒரே ஓட்டத்தில் அடித்துவிடலாம். இருபக்க டேப்பும் வேலை செய்யும், ஆனால் அதன் பிடி அதிகம், மெல்லிய குழல் எடுக்கும்போது முறிந்துவிடும். எடுக்கும்போது பாகத்தை இழுக்காமல், டேப்பை அடியில் வளைத்துப் பிரித்தால் பாகம் தானாக நிமிர்ந்து கொடுக்கும்.

டேப்பில் நட்டால் மேலிருந்து மட்டும் அடிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பக்கவாட்டில் பிளாஸ்டிக் நிறம் தெரியும். பட்டையைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கத்திலிருந்தும் தாழ்வான கோணத்தில் மெல்லியதாகத் தூவிவிட்டு, மேலே கடைசியில் போகவும்.

இன்னொன்று. இவ்வளவு பாடு ஏன்? பாதிப் பாகங்களை ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) இருக்கும்போதே அடித்துவிடலாமே. கம்பெனிக்காரனே ஒரு கைப்பிடி கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறான்.

சக்கரபாணி35

ஸ்ப்ரூவிலேயே அடித்தால் வெட்டின இடம்? கேட் (பாகத்தைச் சட்டத்தோடு இணைக்கும் காம்பு) வெட்டியதும் அங்கே வெள்ளை வெள்ளையாகத் தடம் நிற்கும். உப்புத்தாள் போட வேண்டும், போட்டால் சுற்றிலும் பெயின்ட் போகும், மறுபடி டச்சப். அச்சுக்கோடு (வார்ப்பு அச்சின் இரு பாதி சேரும் தடம்) இருக்கிறதே, அதைச் சுரண்டாமல் எப்படிப் பெயின்ட் அடிப்பீர்கள்? கோடாரிக் கைப்பிடியில் நடுவில் கோடு ஓடினால் 1/35இல் நன்றாகவே தெரியும்.

அளவு72

எல்லாப் பாகத்துக்கும் சொல்லவில்லை. காக்பிட் உள்பக்கம், சக்கரக் குழியின் சுவர், எஞ்சின் சிலிண்டர் வரிசை, இவற்றில் கேட் எப்படியும் மறைவான இடத்தில்தான் இருக்கும். அச்சுக்கோடு சுரண்டுவதையும் ஸ்ப்ரூவில் வைத்தே சுரண்டலாம், பிடித்துக்கொள்ள இன்னும் வசதி. துப்பாக்கிக் குழலைத் தனியே வெட்டி எடுத்துவிட்டுச் சுரண்டிப் பாருங்கள், விரலுக்கும் கத்திக்கும் நடுவில் முறியும்.

பசைமுகம்

இரண்டு பேரும் சொல்வதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. பாகத்தைத் தனியாக வெட்டாமல், ஸ்ப்ரூவின் ஒரு துண்டோடு சேர்த்து வெட்டி எடுங்கள். ஒரே ஒரு கேட் மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நறுக்கிச் சுத்தம் செய்துவிடலாம். விட்டுவைக்கும் கேட் ஒட்டும் முகத்தில் இருந்தால் உத்தமம், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத பக்கம். இப்போது பாகத்துக்கு விரல்நீளக் கைப்பிடி ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. அந்த ஸ்ப்ரூத் துண்டை முதலை கிளிப்பில் கவ்வினால் கிளிப்பின் வாய் பாகத்தைத் தொடுவதே இல்லை. பல் தடம், ஓரத்தில் தேங்குதல், இரண்டுமே போயிற்று.

கடைசியில் வெட்டிய தடம் ஒரு புள்ளிதான். அதைத் தொட்டுவிட மெல்லிய தூரிகையில் ஒரு தொடுதல் போதும்.

புதுத்தூரிகை

இது எனக்குத் தோன்றவே இல்லை! ஆரம்பகால டைகர்தான் சக்கரபாணி சார், 48 சக்கரம். பல்குத்தும் குச்சி டப்பாவை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். காற்றில் பறப்பதற்கு என்ன செய்வது? ப்ளூ டாக் நம்பலாமா, எண்ணெய் விடும் என்று எங்கோ படித்தேன்.

முதலைகிளிப்

பறப்பதற்குப் பாதிக் காரணம் பிடி, பாதிக் காரணம் கம்ப்ரசர். 2 பார் காற்றழுத்தத்தில் வைத்துக்கொண்டு பொத்தான் அளவு பாகத்துக்கு அடித்தால் எது நிற்கும்? சின்ன பாகத்துக்கு 1 பார், 15 psi சுற்றுவட்டாரம் போதும். பெயின்ட்டை அதற்கேற்ப நீர்க்க வேண்டும், இல்லையென்றால் துப்பும். காற்றைப் பாகத்தின் மேல் திறக்காதீர்கள், பக்கத்து வெற்று இடத்தில் திறந்து, அப்படியே பாகத்தின் மேல் இழுத்துச் சென்று, தாண்டியபின் மூடுங்கள். முதல் அடி காற்றுதான் தூக்கி எறிவது.

குச்சியில் செருகிய வட்டப் பாகம் காற்றில் காற்றாடிபோல் சுற்ற ஆரம்பித்தால், விரல்நுனியால் விளிம்பைத் தடுக்காமல் (கையுறை தடம் விழும்) குச்சியை இன்னும் கொஞ்சம் திருகி இறுக்குங்கள்.

நிலா_மினி

ப்ளூ டாக் பற்றி நான் சொல்கிறேன், என் மேசையில் அது இல்லாத நாள் கிடையாது. நம்பலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு. அதில் எண்ணெய்ப் பசை உண்டுதான். வாரக்கணக்கில் ஒட்டியே விட்டால் மெல்லிய பளபளப்புத் தடம் விடும். அடித்து முடித்து, காய்ந்ததும் எடுத்துவிட்டால் தொல்லையில்லை. வெயிலிலோ விளக்குச் சூட்டிலோ வைத்தால் இளகி, பாகம் மெதுவாகச் சாயும். எடுக்கும்போது துணுக்கு ஒட்டிக்கொண்டால் சுரண்ட வேண்டாம், பெரிய உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தால் வந்துவிடும். அடித்து முடித்த பெயின்ட் மேல் மட்டும் அதை ஒட்டாதீர்கள், முக்கியமாக இன்னும் முழுதாக இறுகாத எனாமல் மேல்.

நான் பெரும்பாலும் சின்ன உருவ பொம்மைகள்தான் அடிப்பது, தூரிகை வேலை. அதனால் என் தேவை கொஞ்சம் வேறு. ஏர்பிரஷ்காரர்களுக்குப் பாகம் பறக்கக் கூடாது, எனக்குக் கை வலிக்கக் கூடாது. ஒரு முகத்தில் கண் வைக்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் அதே பிடியில் இருக்க வேண்டியிருக்கும். பல்குத்தும் குச்சியை ஒரு மணி நேரம் பிடித்துப் பாருங்கள், விரல் மூட்டு பேசும். கைப்பிடி தடிமனாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருக்க வேண்டும். மாத்திரை டப்பா, ஒயின் கார்க், மரக் குமிழ் எதுவானாலும் சரி, விட்டம் 3 செ.மீ. சுமார் இருந்தால் கை தளர்வாக நிற்கும். டப்பா என்றால் உள்ளே மணலோ பழைய நட்டு போல்ட்டோ போட்டு மூடுங்கள். கனம் கீழே இருந்தால் வைத்த இடத்தில் நிற்கும், கை நடுக்கத்தையும் கொஞ்சம் விழுங்கும்.

விற்கிற ஹேண்டில்களில் கேம்ஸ் வொர்க்ஷாப்பின் சிட்டடெல் பெயின்டிங் ஹேண்டில் பலரும் வைத்திருப்பது. ஸ்பிரிங் தாடையை அழுத்தினால் விரிந்து உருவத்தின் வட்ட அடித்தட்டைக் கவ்வும். 25 முதல் 40 மி.மீ. வரை உள்ள தட்டுக்குப் பொருந்தும். வேகமாக மாற்றி மாற்றி அடிப்பவர்களுக்கு அது வசதிதான், ப்ளூ டாக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் உங்களுடையது டாங்க் பாகம். அடித்தட்டு இல்லாத பொருளுக்கு அது உதவாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தப் பணத்தை நல்ல நிப்பர் (பாகம் வெட்டும் குறடு) ஒன்றில் போடுவேன்.

சக்கரபாணி35

டாங்க் கமாண்டர் உருவம் கிட்டோடு வந்திருக்குமே, அதற்கு?

நிலா_மினி

தலை, கை, உடல் எல்லாம் தனித்தனியாக இருந்தால் தலையைக் கழுத்து முளையில் துளை போட்டுக் கம்பியில் நிறுத்துங்கள். பின் வைஸில் 0.8 மி.மீ. டிரில், அதே தடிமனில் பித்தளைக் கம்பி. தலையைத் தனியே அடித்தால் தாடைக்கு அடியிலும் காலருக்குள்ளும் தூரிகை தாராளமாகப் போகும்.

முழு உருவம் என்றால் குதிகாலில் துளை. அதே கம்பியைப் பிறகு வெட்டிக் குட்டையாக்கி அடித்தட்டில் நட்டுவிடலாம். தற்காலிகமாகப் போட்ட கைப்பிடி நிரந்தர ஆணியாகிவிடும். கமாண்டர் பாதி உடலோடு மூடியில் நிற்பவர் என்றால் இடுப்புக்குக் கீழே மறைவுதான், எங்கே வேண்டுமானாலும் துளையிடுங்கள்.

அளவு72

துளை போடுவதை எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிறீர்கள். 1/72 பைலட்டின் குதிகால் 1 மி.மீ.கூடத் தேறாது. துளையிட்டால் கால் பிளந்துவிடும். சின்ன அளவில் கம்பி என்பது கடைசி வழி, முதல் வழி இல்லை.

நிலா_மினி

சரிதான், நான் 1/35க்குச் சொன்னேன். 1/72 பைலட் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர், முதுகும் தொடைக்கு அடியும் ஒட்டும் முகம். அங்கே ஒரு சொட்டு வெள்ளைப் பசை வைத்துக் குச்சி நுனியில் நிறுத்தினால் போதும்.

பசைமுகம்

வெள்ளைப் பசையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன், ஏனோ யாரும் அதை மதிப்பதில்லை. வெள்ளைப் பசை, அதாவது பிவிஏ, பிளாஸ்டிக்கைக் கரைக்காது, மேலாக ஒட்டிப் பிடிக்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் லேசாக முறுக்கினால் விட்டுவிடும். விடவில்லையென்றால் ஒட்டிய இடத்தில் ஈரத்துணி. ஒரே குறை, காய நேரம் எடுக்கும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். நீர்த்த அக்ரிலிக்கை ஊற்றினதுபோல் அடித்தால் பசையும் ஊறும், அதையும் கவனிக்க வேண்டும்.

சூப்பர் க்ளூவில் நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். உலோக, ரெசின் (அச்சில் ஊற்றி இறுக வைத்த பிளாஸ்டிக்) பாகங்களுக்கு அது பரவாயில்லை. அது இழுவைக்கு நன்றாகத் தாங்கும், பக்கவாட்டு அதிர்ச்சிக்கு உடையும், அதனால் குச்சியை ஒரு வெட்டு முறுக்கினால் பெரும்பாலும் விட்டுவிடும். பிடிவாதம் பிடித்தால் ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் பசை இன்னும் நொறுங்கும் தன்மை பெறும். ஆனால் சூப்பர் க்ளூ கரைப்பான் என்று விற்பதைப் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பெரும்பாலும் அசிட்டோன் கலந்தது, பாலிஸ்டைரீனைக் கூழாக்கிவிடும்.

ஹாட் க்ளூ துப்பாக்கியைப் பற்றி யாராவது சொல்லும் முன் நானே சொல்கிறேன், வேண்டாம். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கும், அந்தப் பசை அதைவிடச் சூடாக வெளியே வரும்.

புதுத்தூரிகை

ஹெட்லைட்டுக்கும் பெரிஸ்கோப்புக்கும் கண்ணாடிப் பாகம் (ஒளிபுகும் பிளாஸ்டிக்) இருக்கிறது. அதன் சட்டத்தை மட்டும் அடிக்க வேண்டும். அதையும் வெள்ளைப் பசையில் நிறுத்தலாமா?

அளவு72

நிறுத்தலாம், என்னைப்போல விமானக் கேனபியோடு (விமானிக்கு மேல் வரும் கண்ணாடி மூடி) போராடுகிறவர்களுக்கு அதுதான் துணை. சூப்பர் க்ளூவைக் கண்ணாடிப் பாகத்தின் பக்கத்தில்கூடத் திறக்காதீர்கள். அது காயும்போது கிளம்பும் ஆவி போய்ப் படிந்து கண்ணாடி பால் பூத்ததுபோல் மங்கிவிடும். மூடிய டப்பாவுக்குள் வைத்தால் இன்னும் மோசம்.

கேனபி அளவு பெரியதென்றால் உள்பக்கம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, அந்த டேப்பின் மேல் ப்ளூ டாக் உருண்டை, உருண்டையில் குச்சி. ப்ளூ டாக் கண்ணாடியை நேராகத் தொடாது, உள்பக்கம் பெயின்ட் தூசும் புகாது. ஹெட்லைட் கண்ணாடி மாதிரிச் சின்னதைக் கடைசி வரை ஸ்ப்ரூவிலேயே விட்டுவிடுங்கள். இதில் சக்கரபாணியும் சண்டைக்கு வர மாட்டார் என்று நினைக்கிறேன்.

சக்கரபாணி35

வரவில்லை 🙂 கண்ணாடிக்கு ஒத்துக்கொள்கிறேன்.

போட்டோ எட்ச் (ரசாயனத்தால் அரித்துச் செய்த மெல்லிய உலோகத் தகடு) பாகத்துக்கும் அதே கதைதான். எஞ்சின் மேலே வரும் வலைகளைப் பித்தளைத் தகட்டுச் சட்டத்தில் இருக்கும்போதே மெட்டல் பிரைமர் (உலோகத்தில் பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடித்துவிடுவேன். மடிக்க வேண்டிய பாகமென்றால் மட்டும் முதலில் மடித்துவிட்டு அடிக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்பில் பெயின்ட் வெடிக்கும். மடித்ததைப் பிடிக்கத் தலைகீழ் இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள், அழுத்தினால் திறக்கும், விட்டால் கவ்வும் வகை. கை சோர்ந்தாலும் நழுவாது. வாங்கச் சொல்கிற ஒரே கருவி என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

முதலைகிளிப்

தலைகீழ் இடுக்கிக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். நுனி மட்டும் கூர்மையானதை வாங்காதீர்கள், தட்டை நுனியாகப் பாருங்கள். கூர் நுனி தொடுகிற பரப்பு குறைவு, பாகம் அதிலேயே அச்சு மாதிரி சுழலும்.

சாலிடரிங்குக்கு விற்கிற மூன்றாவது கை ஸ்டாண்டைப் பலர் வாங்குகிறார்கள். ஒட்டுவதற்கும் பிடித்து உலர வைப்பதற்கும் சரி. பெயின்ட் அடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. பாகம் ஸ்டாண்டில் நிலையாக நிற்க நாம் அதைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. குச்சி கையில் இருந்தால் பாகத்தை நினைத்த பக்கம் திருப்பலாம்.

நிலா_மினி

ஒன்று விட்டுப்போயிற்று, பிடிக்கும் முன் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பழைய டூத்பிரஷ். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு போகும், நம் விரல் எண்ணெயும் போகும். ரெசின் பாகங்களுக்கு இது கட்டாயம். கழுவிய பிறகு குச்சியில் ஏற்றிவிட்டால் மீண்டும் விரல் படாது.

குச்சியில் ஒரு சின்ன மாஸ்கிங் டேப் கொடி ஒட்டிப் பாக எண்ணை எழுதிவிடுங்கள். ஸ்ப்ரூவிலிருந்து வெட்டியதும் எண் போய்விடும். இடது இழுவைக் கொக்கியும் வலது இழுவைக் கொக்கியும் குச்சியில் ஏறியபின் அண்ணன் தம்பி அடையாளம் தெரியாது.

புதுத்தூரிகை

முதல் சுற்று முடிந்தது. சக்கரங்கள் பல்குத்தும் குச்சியில், ஹெட்லைட்டும் கொக்கிகளும் ஸ்ப்ரூத் துண்டோடு கிளிப்பில், மண்வெட்டி வகையறா மரப்பட்டையில் டேப்பின் மேல். அழுத்தத்தை 1 பாருக்கு இறக்கியதும் எதுவும் பறக்கவில்லை. கிளிப் தடமும் இல்லை.

ஒரு சின்னத் தொல்லை மட்டும். மண்வெட்டிக்கு அடிநிறம் வந்துவிட்டது, இப்போது மரக் கைப்பிடிக்கும் இரும்புக்கும் தனித்தனியாகத் தூரிகையில் அடிக்க வேண்டும். டேப்பில் இருப்பதால் ஓரங்களுக்குத் தூரிகை போகவில்லை. எடுத்தால் பிடிக்க இடமில்லை.

பசைமுகம்

அவற்றை இப்போதே உடலில் ஒட்டிவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். ஒட்டினால் உடல் நிறத்தின் மேல் மர நிறம் படாமல் அடிப்பது பெரும்பாடு. முதுகுப்பக்கம் டேப்பில் இருந்ததால் வெறும் பிளாஸ்டிக்தானே, அங்கே ஒரு ஸ்ப்ரூத் துண்டை நிறுத்தி வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். கைப்பிடியின் நடுவில் வேண்டாம், மண்வெட்டியின் தகடு பகுதியில் ஒட்டுங்கள், அங்கேதான் பரப்பு அதிகம். காய்ந்ததும் நான்கு ஓரமும் திறந்திருக்கும். அடித்து முடித்து முறுக்கி எடுத்துவிட்டு, பசைப் படலம் மீதி இருந்தால் ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு சிமென்ட் போடுங்கள்.

சக்கரபாணி35

மரத்தை முதலில் அடியுங்கள், இரும்பைப் பிறகு. மரத்துக்கு இரண்டு மூன்று நிறம் போட்டு இழுக்க வேண்டியிருக்கும், அது இரும்பு மேல் வழிந்தால் கருநிறத்தால் மூடிவிடலாம். வரிசையை மாற்றிச் செய்தால் மூட முடியாது.

சக்கரங்களைக் குச்சியிலிருந்து இப்போதைக்குக் கழற்றாதீர்கள். வாஷும் (பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த நிறம்) புழுதி நிறமும் அதே குச்சியில் இருக்கும்போதே முடித்துவிடலாம். மாட்டிய பிறகு உள் வரிசைக்கு எதுவும் எட்டாது.